தோளில் நிற்காத கிட்டார்

2008-ஆம் வருஷம் மே மாதம், சிதம்பரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது இது. அப்போது நான் கடலூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் நான்காம் வகுப்பு டீச்சர். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் சர்ச் பாட்டுக்குழுவில் பேஸ் கிட்டார் வாசிப்பேன். நாலே நாலு கம்பி, நீளமான கழுத்து, பாட்டுக்கு அடியில் 'டும் டும்' என்று கேட்டுக்கொண்டே இருக்குமே, அது. அண்ணன் வேலைக்கு வெளிநாடு போனபோது கட்டிலுக்கடியில் விட்டுப் போனதை எடுத்து, நானாகத் தட்டித் தடவிக் கற்றுக்கொண்டேன். புடவை கட்டிய பொம்பளை பேஸ் வாசிப்பதைப் பார்ப்பதற்கென்றே கொஞ்சம் பேர் முன்வரிசைக்கு வருவார்கள். அதில் எனக்குப் பெருமை ஜாஸ்தி என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

எனக்கு ஒரு குணம். எதையும் ஏன், எப்படி என்று துருவாவிட்டால் மண்டை குடையும். மிக்ஸி நின்றுபோனால்கூட மெக்கானிக்கைக் கூப்பிடுவதற்கு முன் நானே கழற்றிப் பார்த்துவிடுவேன். திரும்ப மாட்டும்போது ஒரு ஸ்குரூ மிஞ்சும், அது வேறு கதை.

அந்த வருஷம் ஈஸ்டர் பூசையில்தான் முதல் தடவை என் கிட்டார் தோளிலிருந்து கழன்றது. கிட்டாரின் உடம்பில் மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு சின்ன உலோகக் குமிழ்கள் இருக்கும். பெல்ட்டின் இரண்டு நுனியிலும் தைத்திருக்கும் தோல்துண்டில் ஒரு துளை. துளையைக் குமிழில் அழுத்தி மாட்டினால் வேலை முடிந்தது. ஈஸ்டரன்று பாதிப் பாட்டில் மேல்நுனி தானாகக் கழன்று வந்துவிட்டது. முழங்காலைத் தூக்கி முட்டுக்கொடுத்து, ஒற்றைக்காலில் நின்றபடி மிச்சப் பாட்டை வாசித்தேன். அல்லேலூயா பாடிக்கொண்டிருந்தவர்கள் நான் பக்தியில் ஆடுகிறேன் என்று நினைத்திருக்கலாம்.

இரண்டாவது தடவை புவனகிரியில் ஒரு நிச்சயதார்த்தத்தில். அன்றைக்கு வயிற்றோடு அணைத்துப் பிடித்துவிட்டேன். அதற்குப் பிறகு துப்பறிய ஆரம்பித்தேன். குமிழின் ஸ்குரூவை முறுக்கினேன். துளை பெரிதாகிவிட்டதா என்று கண்ணாடி போட்டுப் பார்த்தேன். பெல்ட்டை நீட்டினேன், குறுக்கினேன். சனிக்கிழமை பயிற்சியில் இரண்டு மணிநேரம் நின்று வாசித்தேன். அசையவில்லை. வீட்டில் குனிந்து நிமிர்ந்து, துள்ளிக்கூடப் பார்த்தேன். அப்போதும் கழலவில்லை. மேடை ஏறினால் மட்டும் கழல்கிறது. அதெப்படி?

பயிற்சிக்கும் மேடைக்கும் என்ன வித்தியாசம் என்று யோசித்தபோது ஒன்று பளிச்சென்று பட்டது. பயிற்சிக்கு நான் கிட்டாரை வீட்டிலிருந்து கொண்டுபோய் பெல்ட்டை நானே மாட்டிக்கொள்வேன். வெளி நிகழ்ச்சி என்றாலோ விசேஷப் பூசை என்றாலோ வாத்தியங்கள் எல்லாம் எங்கள் டிரம்ஸ்காரரின் வேனில் போகும். அவரே இறக்கி, சுருதி சேர்த்து, பெல்ட்டை மாட்டி என் கையில் கொடுப்பார்.

நெல்லிக்குப்பத்துக்காரர் அவர். சர்க்கரை ஆலையில் வேலை. நாற்பத்தைந்து வயதிருக்கும், அதிகம் பேசமாட்டார். என்னை "தங்கச்சி" என்றுதான் கூப்பிடுவார். ஈஸ்டருக்குக் கொஞ்சம் முன்னால், தன் மச்சான் ஒருத்தர் நன்றாக பேஸ் வாசிப்பார், அவர் இருந்த குழு கலைந்துவிட்டது, சும்மா இருக்கிறார் என்று பேச்சுவாக்கில் சொல்லியிருந்தார். அதோடு, "பேஸ் கனமா இருக்குமே தங்கச்சி, உக்காந்து வாசியேன்" என்றும் ஒருநாள் சொன்னார். அப்போது அக்கறையாகப் பட்டது, இப்போது வேறு மாதிரி பட ஆரம்பித்தது.

சிதம்பரத்தில், காலையில் சர்ச்சில் கல்யாணம், மதியம் மண்டபத்தில் வரவேற்பு. கேக் வெட்டுகிற நேரம் எங்கள் பாட்டு உச்சத்தில் இருந்தது. பெல்ட் கழன்றது. இந்தத் தடவை பிடிக்க முடியவில்லை. கிட்டார் தலைகீழாக மேடையில் மோத, மண்டபத்து ஸ்பீக்கர் எல்லாவற்றிலும் 'டொம்ம்ம்' என்று இடி விழுந்தது. கத்தி பிடித்திருந்த பெண்ணுக்குத் தூக்கிவாரிப் போட்டது. குழந்தைகள் அழ ஆரம்பித்தன. முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்புதான் எனக்கு உறைத்தது.

சாப்பாட்டுப் பந்தியில் குழு மொத்தமும் எதிரெதிர் வரிசையில் உட்கார்ந்திருந்தோம். டிரம்ஸ்காரர் எனக்கு எதிரில் ரசம் சாதம் பிசைந்துகொண்டிருந்தார். நான் இலையில் கைகூட வைக்கவில்லை.

"அண்ணே, நான் மாட்டுனா ஒருநாளும் கழலல. நீங்க மாட்டிக் குடுத்தா மட்டும் மூணு தடவையும் கழண்டுடுச்சி. ஒங்க மச்சானுக்கு எடம் வேணும்னா நேராவே கேட்டுருக்கலாமே" என்றேன்.

குழு மொத்தமும் திரும்பிப் பார்த்தது. அவர் என்னையே பார்த்தார். "நான் ஏன் அப்புடி பண்ணப்போறேன்?" என்று மட்டும் கேட்டார். பிறகு சோறு இருக்கும்போதே இலையை மடித்துவிட்டு எழுந்து போய்விட்டார். எனக்கு அப்போது வருத்தமே இல்லை. கண்டுபிடித்துவிட்டேன் என்ற திருப்தி இருந்தது, அதுதான் உண்மை.

அவர் வேனில் ஏறப் பிடிக்காமல், கிட்டாரையும் மேடையிலேயே விட்டுவிட்டு, பேருந்து நிலையத்துக்கு வந்து கடலூர் பஸ்ஸில் தனியாக ஏறினேன். உட்கார இடமில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இடது தோளில் மாட்டியிருந்த கைப்பை நழுவிக்கொண்டே இருந்தது. தூக்கி விடுவேன், நழுவும். மறுபடி தோளைக் குலுக்கி ஏற்றுவேன், மறுபடி நழுவும். புதுச்சத்திரம் வரைக்கும் இதே கூத்து. பக்கத்து சீட்டில் ஒயர்கூடையை மடியில் வைத்துக்கொண்டிருந்த ஓர் அம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

"பட்டுப்பொடவ மேல பை நிக்காதும்மா. வழுக்கிக்கினேதான் இருக்கும். அந்தாண்ட தோள்ல மாட்டு" என்றார்.

மாற்றினேன். வலது தோளில் பருத்தி ரவிக்கை மட்டும்தான். பை அப்படியே நின்றது. நன்றி சொல்ல வாயெடுத்தவள் பாதியில் நிறுத்தி, என் இடது தோளைத் திரும்பிப் பார்த்தேன். மடிப்பு மடிப்பாகப் பின் குத்திய முந்தானை. ஈஸ்டருக்குத்தான் குழுப் பெண்கள் எல்லாருக்கும் ஒரே மாதிரி அரக்கு நிறத்தில் பட்டுப்புடவை எடுத்தோம். பூசைக்கு அதுதான், புவனகிரிக்கும் அதுதான், இன்றைக்கும் அதுதான். பயிற்சிக்கோ சாதாரண பருத்திப் புடவை. கிட்டார் பெல்ட் போவதும் இதே இடது தோள் மேல்தான். அந்த பெல்ட்டும் வழவழவென்ற நைலான்.

வீட்டுக்கு வந்தால் கிட்டார் எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தது. டிரம்ஸ்காரர் வேனில் வந்து என் கணவரிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். "கம்பி முறுக்குற கீ ஒண்ணு வளைஞ்சிருந்துதாம், நிமித்தி வச்சிட்டேன்னு சொன்னாரு. எறங்கச் சொன்னேன், மாட்டேன்னுட்டாரு. ஏன், என்னா ஆச்சி?" என்றார் கணவர். கிட்டாரைத் தூக்கிக்கொண்டு படுக்கையறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன்.

முதலில் பருத்திப் புடவைக்கு மாறி, கட்டிலை ஒட்டி நின்று வாசித்தேன். அரைமணி நேரம், ஒன்றும் ஆகவில்லை. மறுபடி பட்டைக் கட்டி, முந்தானையை அதே மாதிரி பின் குத்தி, பெல்ட்டை நானே அழுத்தி மாட்டினேன். கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே வாசித்தேன். இரண்டாவது பாட்டிலேயே தெரிந்துவிட்டது. பேஸ் கிட்டாருக்குத் தலைப்பக்கம் கனம். பெல்ட் பட்டின் மேல் வழுக்க வழுக்கத் தலை கீழே சாய்கிறது. நான் இடதுகையால் அதைத் தூக்கி, தோளையும் ஒரு குலுக்கு குலுக்குகிறேன். என்னை அறியாமலே! தூக்குகிற அந்த நொடியில் பெல்ட் தொய்ந்து, துளை குமிழின் மேல் கொஞ்சம் ஏறுகிறது. நாலைந்து குலுக்கலுக்குப் பிறகு, படக். கிட்டார் மெத்தையில் விழுந்தது.

"கண்டுபுடிச்சிட்டேன்!" என்று கத்திவிட்டேன். கணவர் டீ டம்ளரோடு ஓடிவந்தார். மூச்சு விடாமல் விளக்கினேன். பட்டு, நைலான், தலைக்கனம், குலுக்கல், பந்தியில் நான் பேசியது, எல்லாம். பொறுமையாகக் கேட்டார்.

"எல்லாம் சரி. அப்ப அந்த மனுஷன் இன்னா தப்பு பண்ணாரு?" என்றார்.

என் சந்தோஷம் அந்த இடத்திலேயே வடிந்துவிட்டது. கட்டிலில் கிட்டாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன்.

அடுத்த நாள் கிட்டாரையும் எடுத்துக்கொண்டு இருவரும் நெல்லிக்குப்பம் போனோம். டிரம்ஸ்காரரின் மனைவி தண்ணீர் கொடுத்தார், "வாங்க" என்று சொல்லவில்லை. அவரிடம் நடந்ததைச் சொன்னேன், மன்னித்துவிடுங்கள் என்றேன். அவர் கேட்டது வேறு. "பட்டுலயா வழுக்குது? எங்க பாப்போம்." மனைவியிடமிருந்து ஒரு பட்டுப்புடவையை வாங்கித் தன் தோளில் மடித்துப் போட்டு, கிட்டாரை மாட்டிக்கொண்டு கூடத்தில் நடந்தார். தலை சாய்ந்தது, தூக்கினார், சாய்ந்தது, தூக்கினார். "அட, ஆமாம்" என்றார். தோளில் புடவையோடு அவர் நின்ற கோலத்தைப் பார்த்து அவர் மனைவிக்கே சிரிப்பு வந்துவிட்டது. நானும் சிரித்து, சரியாகிவிட்டது என்று நினைத்தேன்.

கிட்டாரைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "நீங்க கேட்டப்ப அங்க பதிமூணு பேரு இருந்தாங்க, டீச்சர். இங்க நாம நாலு பேருதான் இருக்கோம்."

'தங்கச்சி' போய்விட்டதை அப்போதுதான் கவனித்தேன்.

அந்தச் சனிக்கிழமை பயிற்சிக்கு அரக்குப் பட்டைக் கட்டிக்கொண்டு போனேன். இன்றைக்கு என்ன விசேஷம் என்று கிண்டல் செய்தார்கள். எல்லாரையும் நிற்கவைத்து, தரையில் ஜமுக்காளத்தை நாலாக மடித்துப் போட்டு, நடுவில் நின்று வாசித்தேன். கிட்டார் கழன்று ஜமுக்காளத்தில் விழுந்தது. "மூணு தடவையும் இப்பிடித்தான் விழுந்துது. அண்ணன் மேல ஒரு தப்பும் இல்ல. நான்தான் அவசரப்பட்டு அபாண்டமா பேசிட்டேன்" என்றேன். டிரம்ஸுக்குப் பின்னால் அவர் தலை குனிந்து எதையோ முறுக்கிக்கொண்டிருந்தார். என் அளவுக்கு அந்த ஐந்து நிமிஷம்போல நீளமான ஐந்து நிமிஷம் வாழ்க்கையில் வந்ததில்லை.

அதன் பிறகு ஒருநாளும் என் கிட்டார் கழலவில்லை. பெல்ட்டில் தோள் படுகிற இடத்துக்கு அடியில் பழைய டர்க்கித் துண்டை வைத்துத் தைத்தேன். சைக்கிள் டியூபில் ரூபாய் நாணயம் அளவுக்கு இரண்டு வட்டம் வெட்டி, நடுவில் சின்னதாக ஓட்டை போட்டு, பெல்ட்டை மாட்டிய பிறகு அதன் மேல் குமிழில் இழுத்துச் செருகிவிட்டேன். கையால் பிய்த்தாலும் வராது. இதைப் படிக்கிற யாராவது கிட்டார் வாசிப்பவராக இருந்தால் தாராளமாகச் செய்து பாருங்கள்.

2012-இல் வேறு ஊருக்குக் குடிபோகும் வரை அந்தக் குழுவில் நானும் இருந்தேன், அவரும் இருந்தார். வேனில் ஏற்றினார், இறக்கினார், சுருதி சேர்த்தார், கிறிஸ்மஸுக்கு எங்கள் வீட்டுக்குக் கேக் கொடுத்தனுப்பினார். ஆனால் ஒவ்வொரு மேடையிலும் கிட்டாரைத் தனியாகவும் பெல்ட்டைத் தனியாகவும்தான் என்னிடம் நீட்டுவார். கோபமாக அல்ல, ரொம்ப மரியாதையாக. "நீங்களே மாட்டிக்குங்க, டீச்சர்." நாலு வருஷமும் அப்படித்தான்.

இன்னும் நான் டீச்சர்தான், இன்னும் எதைப் பார்த்தாலும் ஏன், எப்படி என்று துருவிக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் ஏன் கழல்கிறது என்று அத்தனை பாடுபட்டுத் தேடியவள், பழிபோட ஒரு முகம் கிடைத்ததும் தேடுவதையே நிறுத்திவிட்டேனே, அதை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.