என் தம்பி நிர்வைரின் தலைச்சிக்கு

என் தம்பி நிர்வைர் சிங்குக்கு இருந்த முடி முடியில் கத்திரியே வைக்காத சீக்கியர்கள் நிறைந்த எங்கள் சுற்றுவட்டாரத்தில் வேறு எந்த ஆண்பிள்ளைக்கும் கிடையாது. கொண்டையை அவிழ்த்தால் முழங்கால் மடிப்பில் வந்து விழும். அக்கா என்பதற்காகச் சொல்லவில்லை, டேப் வைத்து அளந்திருக்கிறேன். கடைசியாக அளந்தபோது நாற்பத்தொன்பது அங்குலம்.

அம்மா இறந்துபோனபோது அவனுக்கு ஐந்து வயது, எனக்குப் பதினாறு. நான் எட்டாவதோடு நின்றவள். அவனைப் பன்னிரண்டாவது வரை படிக்க வைத்தோம். மாட்டின் மடியைத் தொட்டே காய்ச்சல் இருக்கிறதா என்று சொல்லிவிடுவான். டிராக்டர் சத்தத்தை வைத்து எந்தப் பாகத்தில் கோளாறு என்று கண்டுபிடிப்பான். ஆனால் தன் தலையை மட்டும் அவன் ஒருநாளும் தானாகக் கழுவியது கிடையாது. நான் விட்டதில்லை.

நான் கல்யாணமாகி நாலு கிலோமீட்டர் தள்ளிப் போன பிறகும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சைக்கிளில் வந்துவிடுவான். என் வீட்டுக்காரர் தல்பாரா சிங் வாசலிலேயே ஆரம்பிப்பார்.

"மச்சான் விருந்துக்கு வர்றான்னு பாத்தா, தலை கழுவிக்க வர்றான். உனக்குப் பொண்ணு பாக்கும்போது முதல்ல சிக்கெடுக்கத் தெரியுமான்னுதான்டா கேக்கணும்."

"கேளுங்க மாமா. தெரியாதுன்னா அக்காவையும் சீதனமா அனுப்பிடுங்க."

"தாராளமா கூட்டிட்டுப் போ. எனக்கு ஒரு வேளையாவது நிம்மதியா சோறு கிடைக்கும்."

இப்படி அவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே என் வேலை ஓடும். தயிரைத் தண்ணீரில் கரைத்துத் தேய்ப்பேன். முடியை உச்சியில் குவித்துக் கசக்க மாட்டேன், தண்ணீர் மேலிருந்து கீழே ஒரே போக்காக ஓட வேண்டும். துண்டால் அழுத்தித் துடைக்காமல், பழைய தலைப்பாகைத் துணியில் ஒற்றி எடுப்பேன். பிறகு முதுகில் வெயில் படும்படி அவனை உட்கார வைத்து முதலில் விரலாலும், பாதி காய்ந்ததும் மரச் சீப்பாலும் நுனியிலிருந்து மேலே போவேன். வேர் வரை காயாமல் கொண்டை போட விடமாட்டேன்.

இருபத்திரண்டு வயதில் அவனுக்கு இத்தாலியில் ஒரு மாட்டுப் பண்ணையில் வேலை கிடைத்தது. கிளம்பும் முன் நான் செய்வதையெல்லாம் நோட்டுத் தாளில் பதினோரு நம்பர் போட்டு எழுதிக் கொடுத்தேன்.

"எனக்குத் தெரியாதா அக்கா? இத்தனை வருசமா என் தலையிலதான நடக்குது."

"உன் தலையில நடக்குது. உன் கண்ணு பின்னாலயா இருக்கு? படிச்சு செய்."

அங்கே ஒரு நாளைக்கு இரண்டு முறை பால் கறப்பு. ஒவ்வொரு கறப்பு முடிந்ததும் உடம்பெல்லாம் சாணி நாற்றம். "தினமும் தலைக்கு ஊத்துறேன் அக்கா" என்றான் போனில். "காய வைக்கிறியா?" என்றேன். "இங்க வெயில் எங்க அக்கா இருக்கு? எதிர்ல நிக்கிற மாடே தெரியல, அவ்வளவு மூடுபனி" என்று சிரித்தான். நானும் சிரித்தேன்.

எட்டு மாதம் கழித்து வீடியோவில் கம்பளிக் குல்லாயோடு வந்தான். குளிர் என்றான். அடுத்த முறையும் குல்லாய்தான். அதற்கடுத்த முறை தலைப்பாகை கட்டியிருந்தான். அது நெற்றிக்கு மேல் சப்பையாக உட்கார்ந்திருந்தது. உள்ளே கொண்டை இல்லாத தலைப்பாகை எங்கள் கண்ணுக்குத் தப்பாது. சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டேன்.

இரண்டு வருடம் கழித்துப் பங்குனி மாதத்தில் ஊருக்கு வந்தான். பெட்டியிலிருந்து ஒரு தலையணை உறையை எடுத்து என் மடியில் வைத்தான். உள்ளே அவன் முடி. நடுவில் ஆட்டுத்தோல் போல் இறுகிச் சடை பிடித்திருந்தது.

"கூட இருந்த நாலு பேர்கிட்டயும் வெட்டிவிடச் சொன்னேன் அக்கா. ஒருத்தனும் கத்திரியைத் தொடல. நம்ம பசங்கதான, எப்படித் தொடுவான்? கொட்டகைக் கத்திரியை வச்சு நானே வெட்டிக்கிட்டேன்."

"எரிச்சிருக்கலாமேடா."

"முடியல. அதை யாராலயும் பிரிக்க முடியாதுன்னு நம்பித்தான் வெட்டினேன். ஒருத்தர் பார்த்து, ஆமாடா முடியாதுதான்னு சொன்னா போதும். உன்னைத் தவிர யாரு சொல்ல முடியும்?"

நோட்டுத் தாளையும் வைத்திருந்தான். மடிப்பில் கிழிந்து டேப் ஒட்டியிருந்தது. "இதுல உள்ளபடிதான் செஞ்சேன் அக்கா. ஒண்ணு விடல. ஆனா தண்ணி பட்டதுமே திரண்டுக்கும்."

"ஊத்துறதுக்கு முன்னால சிக்கெடுப்பியா?"

"முன்னாலயா? காஞ்ச தலையிலயா? இதுல அப்படி இல்லியே."

தாளை வாங்கிப் பார்த்தேன். இல்லை. சிக்குள்ள தலையில் தண்ணீர் ஊற்றக்கூடாது என்பதுதான் எல்லாவற்றுக்கும் முதல் படி. அவன் சைக்கிளை நிறுத்திவிட்டு என் வீட்டுக்காரரோடு பேசிக்கொண்டிருக்கும்போதே நான் கொண்டையை அவிழ்த்து, எண்ணெய் தொட்டு, ஒவ்வொரு புரியாகச் சீவி முடித்திருப்பேன். அது ஒரு வேலை என்றே எனக்குத் தோன்றியதில்லை. அதனால் எழுதவில்லை. அதை அவனிடம் சொல்ல வாய் வரவில்லை. "பாக்கலாம்" என்று உறையை வாங்கி வைத்தேன்.

அவன் இத்தாலிக்குத் திரும்பிய மறுநாள் ஆரம்பித்தேன். கடுகெண்ணெயில் ஒரு இரவு ஊறவைத்து, ஸ்வெட்டர் பின்னும் ஊசியால் ஓரத்திலிருந்து ஒவ்வொரு இழையாகத் தளர்த்தினேன். ஒரு நாளைக்கு நாலு விரல் அகலம். "வெட்டின முடிக்கு என்ன வைத்தியம்?" என்றார் என் வீட்டுக்காரர். பிறகு அவரே எதிரில் உட்கார்ந்து நுனியைப் பிடித்துக்கொண்டார். பிரியக்கூடாது என்று வேண்டிக்கொண்டே பிரித்தேன். பதின்மூன்றாம் நாள் மதியம் கடைசி முடிச்சும் விட்டுவிட்டது. பெருவிரல் அளவுக்குத்தான் அறுந்த முடி.

அன்றே கூப்பிட்டான்.

"என்ன அக்கா, பார்த்தியா?"

"பார்த்தேன்டா."

"பிரிஞ்சுதா?"

என் வீட்டுக்காரர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்லடா. ஊசிகூட நுழையல. நீ செஞ்சதுல தப்பில்ல."

அவன் மூக்கை உறிஞ்சினான்.

"கொஞ்சங்கூடவா?"

"கொஞ்சங்கூட இல்ல."

"அப்ப சரி அக்கா" என்றான். அவன் குரல் லேசாகியிருந்தது. "இனி மறுபடி வளக்கறேன். எப்படிச் செய்யணும்னு திரும்ப எழுதி அனுப்பு."

அனுப்புகிறேன் என்று சொல்லிப் போனை வைத்தேன். முடி கட்டிலின் தலைமாட்டிலிருந்து கால்மாடு நோக்கி நேராகக் கிடந்தது, ஒரு சிக்கு இல்லாமல்.