திருகாணியில் நிற்கும் சபை

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் போகும் வழியில் பைக் பஞ்சராகிறது. பஞ்சர் கடைக்கு எதிரே ஒரு லுத்தரன் கோயில். சபையின் சரித்திரத்தைக் கேட்கலாமென்று போகிறேன். வாசல் சுவரில் ஒரு சலவைக்கல், அதில் கமிட்டியார் பன்னிரண்டு பேருடைய பெயர்கள். கர்த்தருடைய பெயர் மட்டும் இடமில்லாமல் விடுபட்டிருக்கிறது. கல்லைச் சிமென்ட் வைத்துப் பூசவில்லை. நான்கு மூலையிலும் திருகாணி.

கீழே, மணியடித்துப் பெருக்கும் கோயில்பிள்ளை, ஸ்க்ரூடிரைவரோடு ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறார்.

“சரித்திரமா? செத்த இருங்க சார். உள்ள கமிட்டி எலெக்சன் ஓட்டு எண்ணுதாவ. இந்தக் கல்லுக்குப் பின்பக்கம் எதிர்க்கோஷ்டி பேரு இருக்கு. அவிய ஜெயிச்சா திருப்பி மாட்டணும்.”

உள்ளே பாதிப் பேர் மட்டும் ‘அல்லேலூயா’ என்று கத்துகிறார்கள். குரலை வைத்தே எந்தக் கோஷ்டி என்று அவருக்குத் தெரிந்துவிடுகிறது. எழுந்து திருகாணிகளைக் கழற்றுகிறார். கல்லை என் கையில் கொடுக்கிறார்.

கல் இருந்த இடத்தில், சுவரிலேயே செதுக்கிய பழைய கல்வெட்டு ஒன்று தெரிகிறது. மேலே சபையைத் தொடங்கியவர் பெயர். அதில் இரண்டு திருகாணி ஓட்டை. கீழே தொடங்கிய ஆண்டு, அதிலும் இரண்டு. பெயரை எழுத்துக்கூட்டிப் பார்க்கிறேன். போட்டோ எடுக்கலாமென்றால் இரண்டு கையிலும் கல்.

“அதான் சார் நீங்க கேட்ட சரித்திரம். மூணு வருசத்துக்கு ஒருக்கதான் வெளிச்சம் பாக்கும். பாத்தாச்சுல்லா? கல்லைத் திருப்பித் தூக்குங்க, புதுக் கமிட்டி வெளிய வருதாவ.”