கோயிலுக்கு வராதவர்களையும் கேட்டவர்

டாக்டர் புஷ்பலீலா காலமானார் என்று அவருடைய தங்கை தொலைபேசியில் சொன்னபோது நான் பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தேன். யாரோ எழுந்து இடம் தந்தார்கள். அப்படித் தரும் இடத்தை நான் வழக்கமாக ஏற்பதில்லை. அன்று உட்கார்ந்துவிட்டேன்.

லண்டன் லூயிஷாமில் எங்கள் தமிழ் முதியோர் சங்கத்துக்கு வந்தவர்கள் எல்லோருக்கும் அவரைத் தெரியும். மலேசியாவின் ஈப்போவிலிருந்து படிக்க வந்து, இங்கேயே உளவியல் ஆராய்ச்சியாளராக இருந்தவர். என்னைவிட மிகவும் இளையவர். கன்னியாஸ்திரிகளிடம் படித்த எனக்குப் பிறருடைய பிழை சட்டென்று கண்ணில் படும். லீலாவிடம் தேடியும் கிடைக்கவில்லை. தம் பிழையை அவரே எனக்கு முன் கண்டுபிடித்துவிடுவார்.

சங்கத்துக்காக அவர் கோயிலில் முதியவர்களிடம் மனநலம் பற்றி விசாரித்தார். அடிக்கடி வருகிறவர்களிடம் மனச்சோர்வு குறைவாக இருந்தது. எங்கள் தலைவர் பூரித்துப்போனார்.

“பாத்தியளே டொக்டர், கோயிலுக்கு வந்தால் மனம் சுகம். கவுன்சிலுக்கு எழுதித் தாங்கோ. வீடு வீடாய்ப் போய்ப் பாக்கிறதை நிப்பாட்டிப்போட்டு, கோயிலுக்கு ஒரு வான் வண்டி விடுவம்.”

படியிறங்க முடியாத பலருக்கு, உள்ளூராட்சி மன்றமான கவுன்சிலின் செலவில் வாரம் ஒருமுறை வீட்டுக்கு வரும் தொண்டர்தான் வெளியுலகம்.

“இருங்க சார்,” என்றார் லீலா. “இங்க வராதவங்கள நான் கேக்கவே இல்லையே.”

“வராதவை சோம்பேறியள்.”

“சோம்பேறியா, சோகமா, முழங்கால் வலியான்னு போய்ப் பாத்தாதானே தெரியும்!”

கூட்டம் சிரித்தது. செயலாளராக உட்கார்ந்திருந்த நான், “நானும் வாறேல்லை. என்ரை மனுசன்ரை ஆட்டைத் திவசம் இன்னும் முடியேல்லை,” என்றேன். துக்கம் நடந்த வீட்டார் ஒரு வருடம் கோயிலுக்குப் போகாமலிருப்பது எங்களில் பலருடைய வழக்கம்.

லீலா நிமிர்ந்து பார்த்தார். “அப்ப, இந்த வருஷம் புருஷனையோ பெண்டாட்டியையோ இழந்தவங்க என் கணக்குலயே இல்லையாக்கா?”

“எப்பிடி இருப்பினம்?”

எல்லோர் முன்னிலையிலும், “என் ஆய்வுல ஓட்டை இருக்கு. இதை வெச்சு யாரும் எதையும் நிறுத்தக்கூடாது,” என்றார். தம் உழைப்பின் பலனை அவ்வளவு லேசாகக் கீழே வைத்த ஒருவரை நான் பார்த்ததில்லை.

பிறகு வீடுகளுக்குப் போகத் தொடங்கினார். என் வீட்டுக்கும் வந்தார். தேநீர் ஊற்றிக்கொண்டே மருமகள், “மாமி நல்லா இருக்கிறா, பேரப்பிள்ளையளோடை பொழுது போகுது,” என்றாள். “ஓம், ஒரு குறையும் இல்லை,” என்றேன் நான்.

லீலா பேனாவை மூடினார். “மருமக பக்கத்துல இருந்தா எங்கம்மாவும் இதைத்தான் சொல்வாங்க. தோட்டத்துக்குப் போவோமாக்கா?”

தோட்டத்தில், காலையில் எழும்ப மனமில்லை என்று முதன்முறையாக ஒருவரிடம் சொன்னேன். அவர் ஆறுதல் சொல்லவில்லை. நான் முடிக்கும்வரை கேட்டார். பின் நான் சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதிக்கொண்டார்.

துக்க வீட்டாரையும் வெளியே வர முடியாதவர்களையும் சேர்த்தபோது, கோயிலுக்கும் மனச்சோர்வுக்கும் இருந்த தொடர்பு மெலிந்துபோனது. எனக்கு உற்சாகம். “அப்ப கோயிலாலை ஒரு பிரயோசனமும் இல்லையெண்டு எழுதும்!” என்றேன்.

“அதையும் எழுத முடியாதுக்கா. கோயில் உதவுதா இல்லையான்னு இது சொல்லாது. வராதவங்களுக்கும் மனசு இருக்குன்னுதான் சொல்லும்.”

அதையே கவுன்சிலுக்கு எழுதினார். வீட்டுக்குப் போய்ப் பார்ப்பது நிற்கவில்லை. தம் பக்கத்துக்குச் சாதகமான பொய்யைக்கூட அவர் விலக்கிவிட்டார்.

தகனத்தன்று வாசலில் ஒரு பெண் என் கையைப் பிடித்தார். “ஓயாமல் வேலை வேலையெண்டு திரிஞ்சவ. அதாலைதான் இந்த வருத்தம் வந்தது.” லீலாவைக் கொண்டுபோன நோயைத்தான் அப்படிச் சொன்னார்.

“வேலை செய்ததும் உண்மை, வருத்தம் வந்ததும் உண்மை. ஒண்டாலைதான் மற்றது வந்ததெண்டு ஆர் கண்டது?”

“அப்ப என்னத்தாலை அக்கா?”

“எனக்குத் தெரியாது,” என்றேன்.

இந்த வயதுவரை என் வாயில் எளிதில் வராத சொல் அது. லீலாவிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டிருப்பதும் அதுதான்.