என் கண்ணீர் அஞ்சலி

நான் நடித்தது ஒரேயொரு படம். அதிலும் பேய். கூட்டாளி ஒருவன் எடுத்த குறும்படம் அது. முப்பத்தெட்டு வயதில் எனக்கு இந்த வேண்டாத வேலை ஏன் என்று அம்மா கேட்டார். அவருடைய கவலை அவருக்கு. பேசி வந்த சம்பந்தங்கள் எல்லாம் தட்டிப்போய், கடைசியாக ஒன்று பொருந்தி நின்றது. பெண்ணின் தகப்பன் ஊரில் என்னைப் பற்றி விசாரித்துவிட்டு முடிவு சொல்வதாகச் சொல்லியிருந்தார். இதுவும் குழம்பினால் இனி நம் வீட்டுப் படலையை ஒருவரும் தட்டமாட்டார்கள் என்று அம்மா கோயில் கோயிலாகத் திரிந்தார். எனக்கும் உள்ளூரப் பயம்தான்.

அந்தக் குறும்படத்துக்கு விளம்பரம் செய்வதற்காக நானும் கூட்டாளியும் போனில் பேய்ப்பட டிரெய்லர்களாகப் பார்த்தோம். எல்லாம் ஒரே அச்சு. தானாக ஆடும் ஊஞ்சல், கிரீச்சென்று திறக்கும் கதவு, கண்ணாடியைத் துடைத்தால் பின்னால் ஒருத்தி. பிறகு சத்தமெல்லாம் அடங்கி, நாங்கள் மூச்சு விடுகிற நேரம் பார்த்து ஓர் அலறல். முடிவில் இரத்தம் ஒழுகும் எழுத்தில் படத்தின் பெயர். இதய நோயாளிகள் பார்க்கவேண்டாம் என்று ஒரு கரிசனை வேறு.

"உதுக்கெல்லாம் எங்கடை சனம் பயப்பிடாது மச்சான். காத்தடிச்சா எங்கடை படலை ஒவ்வொரு நாளும் தானாத்தான் திறக்குது. எங்கடை ஆக்கள் சைக்கிளை நிப்பாட்டி வாசிக்கிற நோட்டீஸ் எது, சொல்லு பாப்பம்?" என்றான்.

மறுநாள் காலை அதற்கான பதில் எங்கள் ஊரான இணுவில் முழுக்க லைட் போஸ்ட்டுகளில் ஒட்டியிருந்தது. கண்ணீர் அஞ்சலி. கறுப்புக் கரை, இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, நடுவில் நான். கோட்டும் டையுமாகக் கலியாணத்துக்கென்றே ஸ்டூடியோவில் எடுத்த படம். பெண் வீட்டாருக்குக் கொடுத்ததும் அதே படம்தான். பெயரை மாற்றியிருந்தான். ஆனால் தெரிந்த முகத்துக்குக் கீழே எங்கள் ஊரில் யார் பெயர் வாசிக்கிறார்கள்? அடியில், 'வெள்ளிக்கிழமை பின்னேரம் திரும்பி வருவார்' என்று பொடி எழுத்தில் போட்டிருந்ததையும் ஒருவரும் வாசிக்கவில்லை.

நான் புட்டும் சம்பலும் சாப்பிட்டுக்கொண்டிருக்கையில் சனம் வரத் தொடங்கியது. வேலித் தகராற்றில் வருடக்கணக்காக எங்களோடு கதைக்காத பக்கத்து வீட்டுக்காரர் படலையடியில் நின்று விம்மினார்.

"தங்கமான பெடியன். வேலியை இவையின்ரை காணிக்குள்ளை அரக்கிப் போட்டது நான்தான். அவன் ஒரு சொல்லுக் கதைக்கேல்லை."

வாய் நிறையப் புட்டோடு வெளியே வந்தேன். என்னைக் கண்டதும் அவருடைய கண்ணீர் அப்படியே நின்றது.

"வேலியைப் பற்றி நான் ஒண்டும் சொல்லேல்லை" என்றுவிட்டு விறுவிறென்று போய்விட்டார்.

அவர் விலகிய இடத்தில் வெள்ளை வேட்டியோடு நின்றவரைப் பார்த்ததும் எனக்குப் புட்டு விக்கியது. பெண்ணின் தகப்பன். நோட்டீசைக் கண்டு, முறைக்கு முகம் காட்டிவிட்டுப் போக வந்திருக்கிறார். படம், பேய், விளம்பரம் என்று உளறிக் கொட்டினேன். அம்மா வாசற்படியில் நின்று, "முகத்திலை கரியைப் பூசின மாதிரிச் செய்துபோட்டியே, அறுவானே" என்று திட்டினார். சம்பந்தம் கைவிட்டுப் போய்விட்டது என்றே நினைத்தேன். வெட்கத்திலும் கவலையிலும் பெண்ணின் தகப்பனுடைய முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அவர் அவசரமில்லாமல் சால்வையை உதறித் தோளில் போட்டார்.

"நான் வந்து கனநேரம், தம்பி. எல்லாரும் உங்களைப் பற்றி நல்லாத்தான் கதைச்சவை. செத்த வீட்டிலை அப்பிடித்தான் கதைப்பினம், அது எனக்குத் தெரியாததே? ஆனா வேலி அரக்கினதை ஒருத்தன் தானா ஒத்துக்கொண்டு அழுததை நான் இண்டைக்குத்தான் கண்டன். இனி எனக்கு விசாரிக்க ஒண்டுமில்லை. கலியாணத்துக்கு ஒரு நல்ல நாளாப் பாருங்கோ."

அதுவரை ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் என்னைத் திட்டிக்கொண்டிருந்த அம்மா அப்போதுதான் ஓவென்று அழத் தொடங்கினார். அந்தச் சத்தத்தைக் கேட்டு, சந்தேகத்தோடு ரோட்டில் நின்ற மிச்சச் சனமும் செத்த வீடுதான் என்று உள்ளே வந்துவிட்டது.