டெல்லி மாமியை மயிலாப்பூரில் பார்த்தபோது

இது நடந்து மூன்று வருடம் இருக்கும். ஒரு சனிக்கிழமை காலை, மயிலாப்பூரில் குளத்துக்கு இரண்டு தெரு தள்ளி, வாடகைக்கு ஒரு மாடி வீட்டைப் பார்க்கப் போயிருந்தேன். டெல்லியில் ஆறு வருடம் குப்பை கொட்டிவிட்டு, அப்போதுதான் சென்னையில் வேலை கிடைத்து வந்திருந்தேன். என் மனைவிக்கும் மயிலாப்பூரிலேயே ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை உறுதியாகியிருந்தது. பள்ளி திறப்பதற்குள் அவளையும் நாலு வயது மகளையும் அழைத்து வந்துவிட வேண்டும். அதற்குள் வீடு வேண்டும்.

அந்த வீட்டைச் சொல்லி அனுப்பியது டெல்லியில் எங்கள் எதிர் வீட்டில் இருந்த மாமி. வீட்டுக்காரர் அவருடைய சொந்த அண்ணன். “நான் பேசிட்டேன். நீ போய்ப் பாரு, பிடிச்சா சாவியை வாங்கிக்கோ” என்று சொல்லியிருந்தார். ஆகவே நான் வீடு தேடிப் போகவில்லை, சாவி வாங்கத்தான் போனேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மாமியைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. மயிலாப்பூரில் பிறந்து வளர்ந்து, கல்யாணமாகி டெல்லிக்குப் போனவர். நாங்கள் திருநெல்வேலிப் பக்கம். டெல்லியில் எங்களை யாரும் என்ன ஜாதி, எந்தத் தெரு என்றெல்லாம் கேட்டதில்லை. தெற்கே இருந்து வந்த எல்லாரும் அவர்களுக்கு மதராசிதான். காய்கறிக்காரர் முதல் ஆபீஸ் மேலாளர் வரைக்கும் என் நிறத்தை வைத்து ஒரு ஜோக் கையிருப்பு வைத்திருந்தார்கள். சிரித்துவிட்டுப் போகப் பழகிக்கொண்டேன். மாமி நல்ல சிவப்பு. ஆனால் வாயைத் திறந்தால் அவரும் மதராசிதான்.

என் மகள் மாமி வீட்டுச் சமையலறையில்தான் தவழ்ந்தாள், நடந்தாள். எங்கள் இரண்டு வீட்டுக் கதவும் பகலெல்லாம் திறந்தே கிடக்கும். நாங்கள் முட்டை பொரித்தால் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு உள்ளே வருவார். “கர்மம், எப்படித்தான் திங்கறேளோ” என்று சிரித்துக்கொண்டே குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்.

ஒருமுறை தண்ணீர் மோட்டார் போடுவதில் கீழ் வீட்டுக்காரர்களோடு தகராறு வந்தது. என் மனைவி தனியாக இருந்த நேரம். நாலைந்து பேர் மாடிப்படியில் நின்றுகொண்டு, கறுப்பு மதராசிகள் வந்து கட்டடமே நாறிப்போச்சு, காலி பண்ணிக்கொண்டு ஓடுங்கள் என்று கத்தியிருக்கிறார்கள். மாமி கரண்டியும் கையுமாக வெளியே வந்து, என் மனைவிக்கு முன்னால் நின்றுகொண்டு, தெருவே கேட்கிற மாதிரி இந்தியில் பிடிபிடி என்று பிடித்திருக்கிறார். இவர்கள் என் மனிதர்கள், இவர்கள் மேல் கை வைத்தால் என் மேல் கை வைத்த மாதிரி என்று சொன்னாராம். அன்று சாயங்காலம் என் மனைவி இதைச் சொல்லிவிட்டு அழுதாள். அப்படிப்பட்ட மாமி.

அவருடைய அண்ணனும் அப்படித்தான் இருப்பார் என்று நினைத்துப் போனேன். இருந்தார். வயது எழுபதுக்கு மேல். வாங்கோ வாங்கோ என்று வரவேற்று, ஃபேனைப் போட்டு உட்கார வைத்து, வீட்டைச் சுற்றிக் காட்டினார். சொந்த ஊர் எது, அப்பா என்ன செய்தார், சாப்பாடெல்லாம் எப்படி என்று கேட்டார். முட்டை, மீன் சாப்பிடுவோம், இந்த வீட்டில் சமைக்கக் கூடாது என்றால் சமைக்க மாட்டோம் என்றேன். சிரித்தபடி தலையாட்டினார். அப்பா இறந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை என்று சொன்னபோது “அடடா” என்றார்.

கிளம்பும்போது கேட் வரைக்கும் கூடவே வந்தார். என் இடது தோளில் கையை வைத்தார். அப்படியே முதுகில் மெதுவாகத் தடவிக்கொடுத்தார். “நல்லது. பகவான் பாத்துப்பார். ஃபோன் பண்றேன்” என்றார்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆறு வருடமாக ஒரு பெரிய மனிதர் என்னை அப்படித் தொட்டதில்லை. அப்பா ஞாபகம் வந்துவிட்டது. தெருமுனைக்கு வந்ததும் மனைவிக்கு ஃபோன் போட்டு, வீடு அமைந்துவிட்டது, மாமிக்கு ஒரு நன்றி சொல்லிவிடு என்றேன். நம் ஊருக்கு வந்துவிட்டோம் என்றும் சொன்னேன்.

அப்போது நான் சைதாப்பேட்டையில் புது ஆபீஸ் நண்பன் ஒருவனுடைய அறையில் தங்கியிருந்தேன். அவன் அங்கேயே அடையாற்றங்கரையில் பிறந்து வளர்ந்தவன். மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது நடந்ததை அவனிடம் சந்தோஷமாகச் சொன்னேன். முதுகைத் தட்டிக் கொடுத்தார் என்றதும் அவன் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான்.

“மச்சி, தட்டிக் குடுத்தாரா, தடவிப் பாத்தாரா?”

எனக்குப் புரியவில்லை. அவன் இடது கையை என் தோளில் வைத்து, முதுகின் குறுக்கே சாய்வாக இழுத்துக் காட்டினான். அதே இடம். அதே வேகம்.

“பூணூல் கீதான்னு பாத்துக்கினு இருந்துருக்காரு. நீ இன்னான்னா ஆசீர்வாதம்னு நெனச்சினு வந்துகீற.”

சும்மா உளறாதே என்றேன். அவன் வாதம் பண்ணவில்லை. சாம்பாரை ஊற்றிக்கொண்டே தன் கதையைச் சொன்னான். ஆற்றோரம் இருந்த அவர்கள் வீட்டை அரசு அதிகாரிகள் காலி பண்ணி, ஊருக்கு வெளியே அடுக்குமாடி ஒன்றில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டார்கள். அங்கிருந்து வேலைக்கு வர முடியாமல்தான் அவன் இங்கே அறை எடுத்திருக்கிறான். அம்மா அப்பா அங்கே. “எங்கள லாரில ஏத்தினு போய் உட்டப்போ எவனும் முதுகெல்லாம் தடவிப் பாக்கல மச்சி. எங்க ஏரியா பேரே போதும்” என்றான். அவன் அதைச் சிரித்துக்கொண்டு சொன்னான். எனக்கு முதுகில் அந்தக் கை போன வழி முழுக்க ஏதோ ஊர்வது போல இருந்தது.

இருந்தாலும் நான் நம்பவில்லை. மாமியின் அண்ணனாயிற்றே.

திங்கட்கிழமை அவரே அழைத்தார். அதே கனிவான குரல். வெளிநாட்டில் இருக்கும் பையன் திடீரென்று வரப்போகிறானாம், வீடு அவனுக்கு வேண்டுமாம், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாமாம். ஒரு வார்த்தை கடுமையாக இல்லை. டெல்லியில் ஒரு வீட்டுக்காரர் மதராசிக்கு வீடு கிடையாது என்று முகத்தில் அடித்த மாதிரி சொல்லிக் கதவைச் சாத்தியிருக்கிறார். அவரோடு சண்டையாவது போட முடிந்தது. இவருக்கு நான் நன்றி சொல்லி ஃபோனை வைத்தேன். அதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

உடனே மாமிக்கு ஃபோன் செய்தேன். அவர் பதறுவார், அண்ணனோடு சண்டை போடுவார் என்று எதிர்பார்த்தேன். அண்ணா சொன்னார் என்றார் மாமி. பையன் வருகிற கதையை அவர் சொல்லவும் இல்லை, நான் கேட்கவும் இல்லை. உங்கள் அண்ணன் இப்படி என்று உங்களுக்குத் தெரியாதா மாமி என்று மட்டும் கேட்டேன்.

“தெரியும்டா. ஆனா உங்களை நான் அப்படி யோசிச்சுப் பாத்ததே இல்லை. சொல்றச்சே தோணவே இல்லை.”

ஆறு வருடத்தில் ஒருநாள்கூடத் தோன்றவில்லையா என்றேன். அதற்கு மாமி சொன்ன பதில்தான் என்னை அப்படியே உட்கார வைத்துவிட்டது.

“இந்த ஊர்ல அதெல்லாம் பாத்துண்டிருந்தா, நான் யாரோட பேசறது?”

பொய் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். மாமி உண்மையைத்தான் சொன்னார். இந்த ஊரில் என்று அவர் சொன்னது டெல்லியை. அப்படியானால் மயிலாப்பூரில்?

பிறகு சைதாப்பேட்டையிலேயே ஒரு வீடு கிடைத்தது. வீட்டுக்கார அம்மா கேட்டது அட்வான்ஸ் எவ்வளவு தருவீர்கள், வண்டி இருக்கிறதா என்ற இரண்டு கேள்விதான். மயிலாப்பூர் முழுக்க இப்படித்தான் என்று சொன்னால் பாவம். என் மனைவியோடு வேலை பார்க்கிற டீச்சர் ஒருவர் அதே தெருவில், எதுவும் கேட்காத ஒருவர் வீட்டில் குடியிருக்கிறார். எனக்கு வாய்த்தது மாமியின் அண்ணன்.

ஏழெட்டு மாதம் கழித்து, அண்ணன் பேத்தி கல்யாணத்துக்காக மாமி சென்னை வந்தார். குழந்தையைப் பார்க்காமல் கண்ணே பூத்துப்போச்சு என்று என் மனைவியிடம் ஃபோனில் சொன்னார். வீட்டுக்கு வாருங்கள் என்றோம். மயிலாப்பூர் பார்க்குக்கு வந்துவிடுங்களேன், அண்ணா வீட்டில் இருந்து நடக்கிற தூரம்தான் என்றார். நான் வரவில்லை என்றேன். என் மனைவி கேட்கவில்லை. மூன்று பேரும் போனோம்.

மாமியைக் கண்டதும் மகள் ஓடிப்போய் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். மாமி அழுதுவிட்டார். அது நடிப்பில்லை. தட்டையும் மைசூர்பாகும் கொண்டுவந்திருந்தார். குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு ஊட்டிவிட்டார். என் மனைவியின் கையைப் பிடித்து வைத்துக்கொண்டே டெல்லிக் கதையெல்லாம் பேசினார். என் கோபம் பாதி கரைந்துவிட்டது. மகள், வீட்டுக்கு வாங்க மாமி, என் சைக்கிளைக் காட்டுகிறேன் என்று நச்சரித்தாள். அடுத்த தடவை கண்ணா என்றார் மாமி.

அப்போது அவருடைய அண்ணன் வந்தார். சாயங்கால நடைக்கு வந்தவர், தங்கையைத் தேடிக்கொண்டு எங்கள் பெஞ்சுக்கு வந்துவிட்டார்.

நான் மாமியின் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் கையைத்தான் பார்த்தேன். என் மனைவியின் கையைப் பிடித்திருந்த கை மெதுவாக விலகி, புடவைத் தலைப்பைச் சரி செய்யப் போனது. அது திரும்பி வரவில்லை. குழந்தையை மடியில் இருந்து இறக்கிப் பக்கத்தில் உட்கார வைத்தார்.

“டெல்லில தெரிஞ்சவா, அண்ணா” என்றார்.

அண்ணன் என்னை அடையாளம் கண்டுகொண்டு புன்னகைத்தார். “ஆத்துல எல்லாரும் சௌக்கியமா? வீடு கிடைச்சுதோ?” என்று அக்கறையாக விசாரித்தார். கிடைத்தது சார் என்றேன். எங்கே என்று கேட்டார். சைதாப்பேட்டை என்றதும், நல்லது, உங்களுக்கு அதுதான் சௌகரியம் என்று தலையாட்டினார். மாமி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இருவரும் கிளம்பினார்கள். மகள் கையாட்டினாள். மாமி ஒருமுறை திரும்பிப் பார்த்தார், ஆனால் கையாட்டவில்லை.

வீடு வரும் வரைக்கும், கரண்டியோடு மாடிப்படியில் நின்ற பெண்மணியும் இவரும் ஒரே ஆள்தானா என்று மனம் கேட்டுக்கொண்டே இருந்தது. டெல்லிக்காரர்கள் எங்களைத் திட்டியபோதுகூட எனக்கு இவ்வளவு அதிர்ச்சி இல்லை. அவர்களை எனக்குத் தெரியாது.

டெல்லி போய்ச் சேர்ந்த மறுநாளே மாமி என் மனைவிக்கு ஃபோன் செய்தார். பழைய குரல், பழைய உரிமை. நாங்கள் காலி செய்த வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவர்கள் முகம் கொடுத்தே பேசுவதில்லையாம், நீங்கள் இல்லாமல் இங்கே எனக்கு யார் இருக்கிறார்கள் என்று அழுதாராம். இன்றும் வாரத்துக்கு ஒருமுறை பேசுகிறார். என் மனைவி சிரித்துச் சிரித்துப் பேசுகிறாள். நான் ஃபோனை வாங்குவதில்லை. உன்னால் எப்படி முடிகிறது என்று ஒருநாள் கேட்டேன்.

“பார்க்குல நடந்தது நெசம்னா, அங்க நமக்காக நின்னதும் நெசந்தான?” என்றாள்.

மாமியை இன்னும் என்னால் முழுதாக வெறுக்க முடியவில்லை, மன்னிக்கவும் முடியவில்லை. ஆனால் அதற்குப் பிறகு சொந்த ஊருக்குப் போகும்போதெல்லாம் ஒன்று கண்ணில் படுகிறது. எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டுக்குக் கிழக்கே ஒரு தெரு இருக்கிறது. பிறந்ததில் இருந்து நான் அதற்குள் கால் வைத்ததில்லை. போகாதே என்று யாரும் சொன்னதில்லை, எனக்கும் போகத் தோன்றியதில்லை. டெல்லியில் அந்தத் தெருக்காரர் ஒருவரைப் பார்த்திருந்தால் நம் ஊர்க்காரர் என்று கட்டிப்பிடித்து வீட்டுக்கு அழைத்துப் போயிருப்பேன். அவரே ஒருநாள் எங்கள் ஊரில், என் சொந்தக்காரர்கள் நடுவே என்னைப் பார்த்துவிட்டால், என் கை என்ன செய்யும் என்று எனக்கே நிச்சயமாகத் தெரியாததுதான் இன்றுவரை என்னைப் பயமுறுத்துகிறது.