எலி மூளையின் ஓடைகள்

மதிய வெயில் ஜன்னல் வழியாகத் தையல் மெஷின் மேல் விழும் நேரம். கை சற்று ஓய்ந்தால் போதும், தையலக்கா நூல்பெட்டியில் போனைச் சாய்த்து வைத்துவிட்டு எலியின் மூளைக்குள் போய்விடுவாள். போனில் ஓடும் அந்தச் சின்ன வீடியோக்களில் சாம்பல் நிற ஓடைகள். அவற்றில் கறுப்புப் புள்ளிகளாக ரத்தம் மிதந்து போகும். ஓடினால் ஒரு பொத்தான், அடைத்து நின்றால் இன்னொன்று. முகம் தெரியாத ஆயிரக்கணக்கானோர் எங்கெங்கோ உட்கார்ந்து இதையே செய்தார்கள். பெரும்பாலானோர் சொன்னதை, வீடியோக்களை அனுப்பும் ஆய்வுக்கூடம் எடுத்துக்கொள்ளும். சம்பளமா? மூச்!

"எலி மூளையைப் பார்த்து உனக்கு என்ன அண்ணி ஆகப்போகுது?" என்பாள் நாத்தனார்.

அவளுக்கென்ன, வாய் இருக்கிறது, பேசுவாள். மறதி நோயில் கிடப்பது அவளுடைய அண்ணன்தானே? காலமெல்லாம் லிஃப்ட் ரிப்பேர் பார்த்த மனுஷன். போன வாரம் மனைவியை "டீச்சர்" என்று கூப்பிட்டு, வெளியே போக அனுமதி கேட்டார். மூளையில் ரத்தம் இப்படி அடைத்து நிற்பதும் மறதியைக் கூட்டுமாம்; அடைப்பை நீக்கும் மருந்தொன்றை ஆய்வுக்கூடத்தில் எலிகளுக்குக் கொடுத்துப் பார்க்கிறார்கள். தன்னை அவர் அடியோடு மறப்பதற்குள் அது கடைக்கு வந்துவிடும் என்று நம்பியிருந்தாள் தையலக்கா. பேராசைதான், இருக்கட்டுமே.

முடிவு வந்தது. மருந்து பலிக்கவில்லை. 'இதுவும் கண்டுபிடிப்புதான், எல்லோருக்கும் நன்றி, அடுத்த மருந்துக்கான வீடியோக்கள் தயார்' என்று பொத்தான் அழுத்துவோரின் போன் குழுவில் எழுதியிருந்தார்கள். கண்டுபிடிப்பாம், பெரிய கண்டுபிடிப்பு! அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போனைக் கவிழ்த்து வைத்து, தைத்துக்கொண்டிருந்த ரவிக்கைத் துணியில் முகம் புதைத்து அழுதாள்.

கட்டிலிலிருந்து அவர் கேட்டார்: "ஏம்மா அழறீங்க?"

யாரோ ஒருத்தியிடம் கேட்பதுபோலத்தான் கேட்டார். அவளும் யாரோ ஒருவரிடம் சொல்வதுபோல எல்லாவற்றையும் சொன்னாள்.

"லிஃப்ட் நின்னுட்டா ஒவ்வொரு ஒயரா பார்ப்போம்" என்றார் அவர். "இதுல கோளாறு இல்லேன்னா அதை விட்டுட்டு அடுத்தது. உள்ளே ஆள் மாட்டியிருக்கும்போது அழுதுக்கிட்டு உட்கார்ந்தா எப்படி?"

அவள் மெல்லத் தலை நிமிர்ந்தாள். "உள்ளே இருக்கிறவர் பயப்பட மாட்டாரா?"

"பயமாத்தான் இருக்கும். வெளியே இருந்து யாராவது பேசிக்கிட்டே இருக்கணும்."

மூக்கைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். நாற்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டாள்.

"இது ஓடுதுங்க" என்றாள். "இதோ, இது நின்னுபோச்சு. இருங்க, அடுத்ததைப் பார்க்கிறேன்."