ரெஜினா படித்த முடிவு

எனக்கு எழுபத்தெட்டு முடிந்துவிட்டது. பெற்றது நான்கு, வளர்த்ததும் நான்கு. ஒன்றைக்கூடப் பட்டினி போட்டதில்லை. ஒன்றைக்கூட ஒழுங்காகப் பள்ளிக்கு அனுப்பியதுமில்லை. இரண்டாம் வகுப்போடு நின்ற கை இது, எழுத்து கோணலாகத்தான் வரும். வரட்டும். இது என் கையால் எழுத வேண்டிய விஷயம். அதனால் யாரையும் எழுதித் தரச் சொல்லவில்லை.

போன மாதம் ரெஜினா செத்துப்போனாள். ஆஸ்டின் டவுனில்தான் இருந்தாள், எனக்கு இரண்டு தெரு தள்ளி. மண் போட்டுவிட்டுத் திரும்பும்போது அவள் மகள், பேங்கில் வேலை பார்ப்பவள், ஒரு துணிப்பையை என்னிடம் நீட்டினாள்.

"அம்மா இத உங்ககிட்டதான் குடுக்கணும்னு சொல்லிட்டே இருந்தாங்க ஆண்ட்டி."

உள்ளே பழைய பைண்டு புத்தகம். வாரப் பத்திரிகையில் வந்த தொடர்கதையைப் பக்கம் பக்கமாகக் கிழித்துத் தைத்து, காக்கித் துணி ஒட்டியது. முகர்ந்து பார்த்தேன். அந்துருண்டை நெடிக்கு அடியில் ஊதுபத்தி மாவு வாசனை இன்னும் இருந்தது.

அது எங்கள் லைன் வீடுகளின் வாசனை. சண்டைக்காலம். பட்டாளத்துக்கு லாரி ஓட்டப் போன என் வீட்டுக்காரர் திரும்பி வரவில்லை. ஊதுபத்தி உருட்டித்தான் பிள்ளைகளுக்குச் சோறு போட்டேன். கரியும் பசையும் கலந்த மாவு. எத்தனை தேய்த்துக் கழுவினாலும் கை கறுப்புதான். சோறு பிசைந்து கொடுத்தால் என் கடைக்குட்டி முதலில் என் கையைப் பார்ப்பான், அப்புறம்தான் வாயைத் திறப்பான்.

சனிக்கிழமை மத்தியானம் மட்டும் அந்த வேலை இனிக்கும். லைனில் கதையைத் தடங்காமல் படிக்கத் தெரிந்தவள் ரெஜினா ஒருத்திதான்; நான் எழுத்துக் கூட்டி ஒரு வரி முடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடும். எல்லோரும் பத்தி உருட்டும் பலகையைத் தூக்கிக்கொண்டு அவள் வாசலுக்குப் போவோம். அவள் கதை படிப்பாள். அவள் பங்குப் பத்தியை நாங்கள் உருட்டிக் கொடுப்போம். அதுதான் முறை. என்ன குரல் தெரியுமா! கிழவனுக்கு ஒரு குரல், குழந்தைக்கு ஒரு குரல், போலீஸ்காரனுக்கு ஒரு குரல். குழாயில் தண்ணீர் வந்தாலும் ஒருத்தி எழுந்திருக்கமாட்டாள்.

அப்போது ஓடிக்கொண்டிருந்தது இரண்டு தோழிகளின் கதை. வசந்தா நல்லவள். கோமளம் சிரித்துக்கொண்டே குழி பறிப்பவள். வசந்தாவுக்கு அமைந்த மாப்பிள்ளை வீட்டில் போய், "அவளுக்கு க்ஷயரோகம்" என்று சொல்லிவிட்டு அந்த மாப்பிள்ளையைத் தானே கட்டிக்கொள்கிறாள். அந்த வாரம் ரெஜினாவால் படிக்கவே முடியவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இவளெல்லாம் ஒரு பொம்பளையாடி? நல்லா இருப்பாளா?" என்றாள். எங்களில் அதிகம் அழுதவள் அவள்தான்.

கதை எழுதுகிறவர்கள் கள்ளத் தோழிக்கு ஏதாவது அடையாளம் வைத்துவிடுகிறார்கள். உதட்டைக் கடிப்பாள், ஓரக்கண்ணால் பார்ப்பாள். கேட்கிற நமக்குப் பார்த்தவுடன் தெரிந்துவிடும், வசந்தாவுக்கு மட்டும் தெரியாது. 'அசடு, அசடு' என்று வசந்தாவை நான் எத்தனை திட்டியிருப்பேன்!

அந்தச் சமயத்தில்தான் கான்வென்ட் பள்ளியில் ஆயா வேலை காலியானது. ஆயாவின் பிள்ளைகளுக்கு அங்கேயே இலவசப் படிப்பு. பெரிய மதர் என்னைப் பார்த்து, அடுத்த வாரம் வரச் சொல்லிவிட்டார். ஓடிவந்து முதலில் ரெஜினாவிடம்தான் சொன்னேன். கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

"இனிமே உன் பிள்ளைங்க இங்கிலீசுல பேசும். என்னையெல்லாம் கண்ணுக்குத் தெரியுமாடி உனக்கு?"

அடுத்த வாரம் போனேன். காவல்காரன் கேட்டைத் திறக்கவில்லை. கம்பி வழியாகப் பார்த்தால், ஆயாவின் நீலச் சேலையில் குழந்தைகளை வரிசையில் நிறுத்திக்கொண்டிருந்தாள் ரெஜினா. கான்வென்டுக்குப் பால் ஊற்றும் நஞ்சம்மா என்னை ஓரமாக அழைத்தாள்.

"ஏனம்மா, உனக்கு க்ஷயமாமே? மதர்கிட்ட உன் ஸ்நேகிதிதான் அழுதுக்கினே சொன்னா. பிள்ளைங்களுக்கு ஒட்டிக்குமேன்னு."

பொய்யைக்கூட அவள் சொந்தமாக யோசிக்கவில்லை, பாருங்கள்.

அன்றிலிருந்து அவளோடு பேச்சில்லை. சனிக்கிழமைகளில் என் வாசலிலேயே பலகையைப் போட்டு, அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்காருவேன். முதுகுதான் கோபம், காது அங்கேதான் கிடந்தது. மானமும் வேண்டும், கதையும் வேண்டும். 'திங்கட்கிழமை பெரிய மதரிடம் நேரே போய், டாக்டரை விட்டு என் நெஞ்சைத் தட்டிப் பார்க்கச் சொல்லப்போகிறேன்' என்று லைன் முழுக்கச் சொல்லி வைத்தேன். அந்தத் திங்கட்கிழமைக்கு முந்தின சனிக்கிழமை கடைசி அத்தியாயம் வந்தது.

ரெஜினா என் வாசல் வரை கேட்கும்படி படித்தாள். கோமளம் எல்லாவற்றையும் இழந்து, கொட்டுகிற மழையில் வசந்தாவின் கதவைத் தட்டுகிறாள். வசந்தா கதவைத் திறக்கிறாள். "நனையாதே, உள்ளே வா. நீ செய்ததை நான் அன்றே மறந்துவிட்டேன்" என்று அணைத்துக்கொள்கிறாள். லைன் முழுக்க அழுகை. பக்கத்து வீட்டுத் தாமஸின் அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"கதையிலயே மன்னிச்சுட்டா அக்கா. நீ என்ன கல்லா?"

நான் எழுந்து போனேன். ரெஜினா என் தோளில் விழுந்து அழுதாள். என் கறுத்த கை அவளுடைய நீலச் சேலையில் பதிந்தது. திங்கட்கிழமை நான் கான்வென்டுக்குப் போகவில்லை.

அவள் பிள்ளைகள் படித்தன. என் பிள்ளைகள் பத்தி உருட்டின. கிறிஸ்மஸ் தவறாமல் தட்டு நிறையக் கல்கல் பலகாரம் அனுப்புவாள். நானும் தின்றேன், நன்றாகவே இருக்கும்.

பொடி அச்சு என் கண்ணுக்குப் பிடிபடவில்லை; இப்போது அந்தப் புத்தகத்தை என் பேத்தி ஷெரின் படித்துக் காட்டினாள். அவளுடையது மாதா கோயில் ஞானோபதேச வகுப்பில் கற்ற தமிழ்; திக்கித் திக்கித்தான் வரும். கடைசிப் பக்கத்தில் மழை பெய்தது. கோமளம் தட்டினாள். வசந்தா கதவைத் திறக்கவில்லை. உள்ளே தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.

"அப்புறம்?"

"அவ்ளோதான் பாட்டி. முற்றும்னு போட்டிருக்கு."

"பக்கம் ஏதாச்சும் கிழிஞ்சிருக்கா பாரு."

"இல்ல பாட்டி. எல்லாம் இருக்கு."

அச்சில் இருப்பதைத்தான் வாய் படிக்கும் என்று நாங்கள் நம்பினோம். சரளமாகப் படிக்கத் தெரியாதவர்கள் வேறு எதை நம்புவது? ஒரு மூச்சில், தாளைப் பார்த்துக்கொண்டே, இல்லாத முடிவைப் படித்திருக்கிறாள். அழவும் வைத்திருக்கிறாள். எழுதினவனைவிடக் கெட்டிக்காரி.

இதை எதற்கு எனக்குக் கொடுத்தனுப்பினாள்? மன்னிப்புக் கேட்கவா, தன் சாமர்த்தியத்தைக் காட்டவா? உயிரோடு இருந்தபோது இரண்டு தெரு நடந்து வர முடியவில்லை. நான் கதவைச் சாத்த முடியாத இடத்துக்கு அவள் போன பிறகு தட்டுகிறாள்.

லைனை இடித்து அடுக்குமாடி கட்டிவிட்டார்கள். குழாய் இருந்த இடத்தில் ஜெனரேட்டர் உறுமுகிறது. நஞ்சம்மா இல்லை, தாமஸின் அம்மா இல்லை, அந்தச் சனிக்கிழமை பலகையோடு உட்கார்ந்திருந்த ஒருத்தியும் இல்லை. வசந்தா கதவைத் திறந்ததைக் கேட்ட காதுகளில் என்னுடையவை மட்டும்தான் பாக்கி.

ஷெரின், இங்க வாடி. நான் எழுதின இத மொதல்லேருந்து சத்தமாப் படி. தப்பா எழுதியிருந்தா தப்பாவே படி. பாட்டி பாவம்னு கடைசியில எதையும் சேக்காத.